பங்குனி இரவின் பெரிய மேளம்

பழைய புதுக்கோட்டை சமஸ்தானம் ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என்று மூன்று தாலுகாக்களாக இருந்தது. அவற்றுள் குளத்தூர்த் தாலுகா இசை வரலாற்றில் தனி இடம் கேட்கக்கூடியது. ஏழு இராகங்களுக்கான சுரக்கோவைகளைப் பாறையில் வெட்டிவைத்த குடுமியான்மலை அதற்குள் இருந்தது. கோயில் சதிராட்டத்தின் கடைசித் தலைமுறை வாழும் விராலிமலையும் அதற்குள் இருந்தது. 1974இல் மாவட்டம் உருவான பிறகு வட்ட எல்லைகள் பலமுறை மாறி இவ்விரு ஊர்களும் வேறு வட்டங்களுக்குப் போய்விட்டன. ஆனால் பங்குனியில் சுற்றுவட்டார ஊர்களையெல்லாம் இழுத்துக்கொள்ளும் முத்துமாரியம்மன் திருவிழாவைக் கொண்ட நார்த்தாமலை இன்றும் குளத்தூர் வட்டத்தில்தான் இருக்கிறது.

மேலைநாட்டு நகரங்களில் கோடை மாலையில் பூங்காவுக்குப் போய் பாண்டு இசை கேட்பது நூறாண்டுக்கு மேற்பட்ட பழக்கம். பூங்கா நடுவே சுவரில்லாத ஒரு மேடை, அதற்குக் கூரை, சுற்றிலும் புல்தரை. கட்டணம் பெரும்பாலும் கிடையாது. ஆங்கிலேயர் அந்தப் பழக்கத்தை இங்கும் கொண்டுவந்தார்கள். 1859இல் ஆளுநராக வந்த டிரெவெல்யன் முயற்சியில் எழுந்த சென்னை பீப்பிள்ஸ் பார்க்கில் பாண்டு மேடை இருந்தது. பெங்களூர் கப்பன் பூங்காவில் இருப்பதை இன்றும் பார்க்கலாம். நம் சிற்றூர்களுக்கு அந்த மேடை வந்து சேரவில்லை. வரவேண்டிய தேவையும் இருக்கவில்லை. காசு கொடுக்காமல், ஊரே திரண்டு, கோடை இரவில் வெட்டவெளியில் ஊதுகருவியும் தோற்கருவியும் கேட்கிற வழக்கம் இங்கே முன்பே வேரூன்றியிருந்தது. கருவிகளின் உருவம், வாசிக்கும் நேரம், கேட்கும் முறை எல்லாவற்றையும் வெட்டவெளிக்கென்றே வகுத்துக்கொண்ட இசை அது. அந்த வெளியை நாம் கொஞ்சம் கொஞ்சமாக அதனிடமிருந்து பறித்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் வருத்தம்.

முதலில் ஏன் கோடை என்பதைப் பார்க்கவேண்டும். குளத்தூர் வட்டாரம் வானம் பார்த்த பூமி. காவிரி சில மைல் வடக்கே ஓடினாலும் அதன் பாசனம் இந்தச் செம்மண்ணுக்கு எட்டாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்தால் ஒரு போகம். தையிலும் மாசியிலும் அறுவடை முடிந்துவிட்டால் வயலில் பெரிய வேலை இல்லை. களத்து நெல் வீடு வந்திருக்கும். அறுத்த தாளடியும் நீர் வற்றிய கண்மாயும் ஆயிரக்கணக்கானோர் உட்காரத் தோதான திடலாகிவிடும். வெப்பும் அம்மையும் தலைகாட்டும் பருவமும் அதுவே என்பதால் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுவதும் அப்போதுதான். மாசியில் புதுக்கோட்டைத் திருவப்பூர், பங்குனியில் நார்த்தாமலை, வைகாசி விசாகத்துக்கு விராலிமலை என்று திருவிழா ஊர் ஊராக நகரும். பகலில் பால்குடமும் காவடியும். இசைக்குரிய நேரம் இரவு. வெயில் தணிந்து, பாறைகள் சூட்டை விட்டு, தெற்கத்திக் காற்று மெல்ல எழும் நேரத்தில்தான் மேளம் உட்காரும்.

இந்த வட்டாரத்துத் திருவிழாவில் ஒரே இரவில் மூன்று நான்கு வகை மேளங்கள் ஒலிக்கும். கோயில் சார்ந்த பெரிய மேளம் ஒன்று: நாதசுரம், தவில், ஒத்து, தாளம். கரகாட்டத்தோடு வரும் நையாண்டி மேளம் மற்றொன்று. அதில் நாதசுரமும் தவிலும் இருந்தாலும் பம்பையும் தமுக்கும் சேர்ந்து வேகமும் குறும்பும் வேறாகிவிடும். சாமியாட்டத்துக்கு உறுமி. ஊர்வலத்துக்குப் பறை. இவற்றோடு டிரம்பெட், கிளாரினெட், சைடு டிரம், பேஸ் டிரம் கொண்ட பேண்டு செட்டும் இப்போது திருவிழா நோட்டீசில் இடம்பிடித்துவிட்டது. ஒவ்வொன்றைப் பற்றியும் தனித்தனியே எழுதவேண்டும். நான் இங்கே பெரிய மேளத்தில் அதிகம் நிற்கிறேன். வெட்டவெளிக்கும் கருவிக்கும் உள்ள உறவு அதில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

நாதசுரத்தின் உடல் ஆச்சா மரத்தில் கடைந்தது. மேலே குறுகி, கீழே போகப்போக அகன்று, அணசில் வாய்விரியும் கூம்பு வடிவம். வாயில் வைக்கும் சீவாளி, ஆற்றங்கரை நாணல் வகையைப் பதப்படுத்திச் செய்வது. திருவாவடுதுறைச் சீவாளிக்குத் தனிப் பெயர் உண்டு. இரண்டு மெல்லிய நாக்குகள் ஒன்றையொன்று தொட்டு அதிரும்போது பிறக்கும் ஒலியில் அடிப்படைச் சுருதியோடு அதன் மேல்சுரங்களும் அடர்த்தியாக இருக்கும். மனிதச் செவி வினாடிக்கு 2000 முதல் 5000 வரையான அதிர்வுகளுக்கு மிகக் கூர்மையானது. நாதசுரத்தின் மேல்சுரங்கள் அந்த எல்லைக்குள் நிறையவே விழுகின்றன. கூட்டத்தின் இரைச்சல் பெரும்பாலும் அதற்குக் கீழே இருக்கும். இரைச்சலுக்கு மேலே நாதசுரம் ஏறி நிற்பதற்கு மூச்சின் பலத்தோடு இந்த அமைப்பும் காரணம்.

தவிலும் அப்படித்தான். பலா மரத்தில் குடைந்த உடல். ஒரு பக்கம் வலந்தலை, மறுபக்கம் தொப்பி. தொப்பியைக் கம்பால் அடிப்பார்கள். வலந்தலையில் விரல் விழும். அந்த விரல்களில் துணியும் பசையும் சேர்த்து இறுகச் செய்த கூடுகள் மாட்டியிருக்கும். வெறும் விரல் எழுப்பும் ஓசை நாலு வரிசைக்கு மேல் போகாது என்று கண்ட யாரோ ஒரு தவில்காரர் கண்டுபிடித்த வழி அது. அவர் பெயர் நமக்கு எட்டவில்லை. கூடு மாட்டிய விரலின் சொல் தேரடியின் கடைக்கோடியில் நிற்பவருக்கும் தனித்தனியாக, ஒன்றோடொன்று குழையாமல் விழும்.

இரவுக்கும் இதில் பங்கு உண்டு. பகலில் தரையை ஒட்டிய காற்று கடும் சூடாகவும் மேலே போகப்போகக் குளிர்ந்தும் இருக்கும். ஒலி சூடான காற்றில் விரைவாகச் செல்லும். வெப்பம் 40 டிகிரியில் இருக்கும்போது வினாடிக்குச் சுமார் 355 மீட்டர். 25 டிகிரியில் சுமார் 346 மீட்டர். இந்த வேறுபாட்டால் பகலில் ஒலியலைகள் மேல்நோக்கி வளைந்து வானத்துக்குப் போய்விடும். மேகமில்லாத கோடை இரவில் நிலைமை தலைகீழாகும். செம்மண்ணும் பாறையும் சூட்டை விரைவாக இழந்துவிட, தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதற்குமேல் சூடான அடுக்கு நிற்கும். ஒலியலைகள் கீழ்நோக்கி வளையும். அடுத்த ஊர் மேளம் பகலில் கேட்காமல் இரவில் வாசல்வரை வந்து கேட்பதன் காரணம் இது. இயற்பியல் தெரியாமலேயே நம் முன்னோர் புறப்பாட்டை இரவுக்கு வைத்தார்கள் என்று பெருமை பேச நான் தயாரில்லை. வெயிலுக்குப் பயந்தே வைத்திருக்கலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்த நேரத்தில் வாசித்தவர்கள் அந்த இரவின் தன்மைக்கேற்பத் தங்கள் வாசிப்பைச் செதுக்கிக்கொண்டார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

வாசிப்பின் ஒழுங்கைப் பாருங்கள். ஆகம வழிக் கோயில்களில் சுவாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி. அதற்குச் சாகித்தியம் கிடையாது. சுரமும் தாளமும் மட்டும். வீதி முனைகளில் சுவாமி நிற்கும், மேளமும் நிற்கும். அங்கே ராகம் தொடங்கும். நேரத்தை அளந்து கொடுக்க ஆளில்லாததால் ஒரு தோடியோ கரகரப்பிரியாவோ வாசிப்பவரின் கற்பனை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு நீளும். திரும்பி வரும்போது எச்சரிக்கை, தாலாட்டு. மாரியம்மன் கோயில்களில் இந்த ஒழுங்கு இவ்வளவு இறுக்கமாக இருப்பதில்லை. ஆனால் நின்று வாசிப்பது, நடந்து வாசிப்பது என்ற இருநிலை அங்கும் உண்டு. சபாவில் பழகிய செவிக்கு இதிலுள்ள அருமை சட்டென்று பிடிபடாது. கேட்பவர் விரும்பிய தூரத்தைத் தானே தேர்ந்துகொள்கிறார். தவிலின் ஒவ்வொரு சொல்லும் வேண்டுமென்றால் பக்கத்தில் போய் நிற்கலாம். ராகத்தின் வடிவம் வேண்டுமென்றால் நூறடி தள்ளி மணலில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்ளலாம். குழந்தை தூங்கும், பக்கத்தில் சுக்குமல்லிக் காப்பி விற்கும், தனி ஆவர்த்தனம் தொடங்கினால் படுத்திருந்தவர் எழுந்து முன்னே போவார். ‘ஸ்பெஷல் தவில்’ யார் என்பதை நோட்டீசில் பார்த்துவிட்டு மூன்று மைல் நடந்து வருபவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய ரசனை சபாவின் முன்வரிசைக்குச் சற்றும் குறைந்ததல்ல.

குடுமியான்மலைக் கல்வெட்டை இந்த இடத்தில் நினைக்கவேண்டியிருக்கிறது. குடைவரையை ஒட்டிய பாறைச் சரிவில், பல்லவ கிரந்த எழுத்தில், மத்தியமகிராமம் தொடங்கி கைசிகம் வரை ஏழு பிரிவுகளாகச் சுரங்கள் நந்நான்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. எழுத்தமைதி கொண்டு அதை 7ஆம் நூற்றாண்டை ஒட்டி வைப்பார்கள். மகேந்திரவர்மப் பல்லவனே வெட்டுவித்தான் என்ற கருத்து நெடுநாள் வழங்கியது; அதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. அது நரம்புக் கருவிக்கானது என்பதில் பெரிய கருத்து மாறுபாடு இல்லை. திருமயத்திலும் மலையக்கோயிலிலும் உள்ள சிறு கல்வெட்டுகள் பரிவாதினி என்ற வீணை வகையைக் குறிப்பதும் இதோடு பொருந்துகிறது. அப்படியென்றால் இந்த வட்டாரம் கல்லில் காத்துவைத்தது மெல்லிய ஓசைக்கான இசையை. பறையும் கொம்பும் சங்கும் முழக்கியவர்களைப் பற்றிய கல்வெட்டுகள் தமிழ்நாடெங்கும் ஏராளம். உவச்சர்களுக்கு நிலம் விட்டது, கூலி நெல் வகுத்தது, நாளுக்கு எத்தனை பொழுது கொட்டவேண்டும் என்று விதித்தது எல்லாம் அவற்றில் இருக்கின்றன. என்ன கொட்டினார்கள் என்பது மட்டும் எங்குமே எழுதப்படவில்லை. வெட்டவெளி இசை முழுக்க முழுக்கச் செவிவழியே வந்தது. அதனால்தான் ஒரு தலைமுறை கேட்காமல் விட்டால்கூட அது மீளமுடியாத இழப்பாகிவிடுகிறது.

உரத்த கருவி, மெல்லிய கருவி என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் உலகில் வேறிடங்களிலும் இருந்தது. இடைக்கால ஐரோப்பா தன் கருவிகளை இப்படியே இரண்டாகப் பகுத்திருந்தது. சீவாளி வைத்து ஊதும் ஷாமும் எக்காளமும் வெளிக்கு. யாழும் குழலும் அறைக்கு. நாதசுரத்துக்கும் ஷெனாய்க்கும் ஷாம் தூரத்து உறவு. 1749 ஏப்ரலில் லண்டன் கிரீன் பார்க்கில் வாணவேடிக்கையோடு அரங்கேறிய ஹாண்டெலின் இசையை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். நரம்புக் கருவிகளே வேண்டாம் என்று அரசர் இரண்டாம் ஜார்ஜ் விரும்பியதால் ஹாண்டெல் 24 ஓபோ, 12 பஸ்ஸூன், 9 டிரம்பெட், 9 ஹார்ன், முரசுகள் என்று எழுதினார். ஓபோவும் பஸ்ஸூனும் சீவாளிக் கருவிகள். பூங்காவும் வாணமும் கூட்டமும் சேர்ந்தால் எந்தக் கருவி எடுபடும் என்பதில் அந்த அரசருக்கும் நம் ஊர்க் கோயில் தர்மகர்த்தாவுக்கும் ஒரே தீர்ப்பு.

அந்த ஐரோப்பிய ஊதுகருவி மரபு பிறகு நம்மிடமே வந்தது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (1798–1832) மேற்கத்திய பாண்டு ஒன்றை வைத்திருந்தார். அக்காலத்து மேற்கத்திய இசைச் சுவடிகள் சரசுவதி மகாலில் உள்ளன. பாண்டுக்காரர்கள் வாசித்த மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தவையே நோட்டுஸ்வரங்கள். பாண்டிலிருந்து கிளாரினெட்டை எடுத்துச் சதிருக்குப் பக்கவாத்தியமாக்கியவர் தஞ்சை மகாதேவ நட்டுவனார். அந்தக் கருவியைத் தனிக் கச்சேரிக்கு உயர்த்திய ஏ.கே.சி. நடராஜன் குளத்தூருக்கு அடுத்த மாவட்டமான திருச்சியைச் சேர்ந்தவர். அவரும் நாதசுரப் பயிற்சி பெற்றவர். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே ஆண்டு அதே விருது விராலிமலைச் சதிர்க் கலைஞர் முத்துக்கண்ணம்மாளுக்கும் கிடைத்ததை ஒரு நல்ல பொருத்தமாக நான் கருதுகிறேன். விராலிமலை முருகன் கோயிலில் சிறுமியாகப் பொட்டுக்கட்டப்பட்ட முப்பத்திரண்டு பேரில் எஞ்சியவர் அவர். சாக்ஸபோனைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த கத்ரி கோபால்நாத் (1949–2019) நாதசுரக் கலைஞரின் மகன். அந்தக் கருவியின் மீது அவருக்கு ஆசை பிறந்தது மைசூர் அரண்மனை பாண்டைக் கேட்டு. பேண்டு செட்டை வெளியிலிருந்து வந்து நம் மேளத்தை விரட்டிய பகையாகப் பேசுவோர் இந்த வரலாற்றைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். வெட்டவெளிக் கருவிகள் ஒன்றையொன்று எளிதில் அடையாளம் கண்டுகொண்டு உறவாடியிருக்கின்றன.

புதுக்கோட்டை இன்னொன்றையும் செய்திருக்கிறது. வெட்டவெளித் தாளத்தை அறைக்குள் கொண்டுபோய், அங்கிருந்தவர்களையும் வியக்கவைத்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மான்பூண்டியா பிள்ளை, பஜனையில் தட்டிக்கொண்டிருந்த கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றினார். அவர் லயம் கற்றது மாரியப்பர் என்ற தவில் வித்துவானிடம். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936) மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் தமிழகத்தை ஆண்டார். அந்த வழியில் வந்தவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962). புதுக்கோட்டை பாணி என்று இன்று மிருதங்கக்காரர்கள் மரியாதையோடு சொல்லும் கணக்கின் ஆழமும் அடுக்கின் உறுதியும் தவிலிலிருந்து வந்தவை. தேரடியில் நின்று ஆயிரம் பேருக்குத் தாளத்தைப் புரியவைக்கவேண்டிய கட்டாயம் உருவாக்கிய தெளிவு அது என்று நான் நம்புகிறேன்.

நாதசுரமும் உள்ளே போயிற்று. அங்கே நடந்தது வேறு. பழைய திமிரி நாதசுரம் குட்டையானது. உச்சச் சுருதி கொண்டது. தூரம் போகவென்றே பிறந்தது. டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நீளமான, தாழ்ந்த சுருதியுள்ள பாரிக்கு மாறினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி அதன் சுத்த மத்தியமக் குறையைத் தீர்த்துக் கொடுத்தார். நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ராஜரத்தினம் பிள்ளையின் பெருமையில் எனக்கு மறுப்பே இல்லை. அவர் வாசித்த தோடிக்கு ஈடாக எதையும் சொல்லமுடியாது. ஆனால் பாரியின் வெற்றி ஒலிவாங்கியின் வெற்றியோடு கைகோத்து வந்தது. ஒலிவாங்கி முன்னால் நின்று வாசிப்பதே கௌரவம் என்றானது. அது கிராமத் திடலுக்கும் இறங்கியது.

வெட்டவெளியில் ஒலி இரட்டிப்புத் தூரம் போகும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். ஒரு மீட்டரில் 100 டெசிபெல் என்று வைத்துக்கொண்டால் 64 மீட்டர் தொலைவில் 64 டெசிபெல். பக்கத்தில் இருப்பவர் பேசுவது ஏறத்தாழ 60. ஒலிபெருக்கி இல்லாமலே ஒரு திடலுக்கு மேளம் போதும் என்று இந்தக் கணக்கு சொல்கிறது. திடலில் வேறு எதுவும் அலறாமல் இருக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை. இன்று அந்த நிபந்தனை எங்கே நிறைவேறுகிறது? மேளம் வாசிக்கும்போதே பந்தலில் குழாய் ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு. சற்றுத் தள்ளி ராட்டினத்துக்கு ஒரு செட். ஜெனரேட்டர். அன்னதான அறிவிப்பு. இவற்றை மீற மேளத்துக்கும் மைக் வைக்கிறார்கள். மைக் வழியாக வரும் நாதசுரம் எல்லாத் திசைக்கும் ஒரே அளவு உரப்பாகிவிடுகிறது. கிட்டே, தூரே என்ற வேறுபாடு போய்விடுகிறது. தவிலின் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலங்குகின்றன. இரண்டு அடி தள்ளி நின்றால் காது வலிக்கிறது. இருநூறடி தள்ளிப்போனாலும் விடாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவுவரை தளர்த்திக்கொள்ள மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் வரம்பு. 2005இல் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. நடைமுறையில் இந்த விதிகள் காவல் நிலைய அனுமதிக் கடிதத்தோடு முடிந்துவிடுகின்றன. ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கும் இன்னிசைக் கச்சேரிக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனுப்போட்டு அனுமதி வாங்குவது ஒரு திருவிழாச் சடங்காகவே ஆகிவிட்டது. இளைஞர்கள் அதை விரும்புவதில் தவறில்லை. அந்த மேடையில் பாடுபவரும் உழைத்து வாழும் கலைஞரே. நான் கேட்பது நேரப் பங்கீடு. பெரிய மேளத்துக்கு இரண்டு மணிநேரம். அந்த இரண்டு மணிநேரமும் திடலில் ஒரு ஸ்பீக்கரும் ஒலிக்கக்கூடாது. விழாக் குழு நோட்டீசில் இந்த ஒரு வரியைச் சேர்த்தால் போதும். செலவு ஏதுமில்லை, மைக் செட் வாடகைதான் கொஞ்சம் மிஞ்சும்.

இது நடக்காத காரியமல்ல. சென்னை லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சிறுவர் சிறுமியர் மைக் இல்லாமல் பாடும் கச்சேரிகள் நடந்துவருகின்றன. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று, பிறகு உட்கார்ந்து கேட்கிறார்கள். 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் பறையாட்டத்தையும் நையாண்டி மேளத்தையும் மாநகரப் பூங்காக்களுக்குக் கொண்டுவந்தது. மெல்லிய குரலே மைக் இல்லாமல் ஒரு பூங்காவில் தாக்குப்பிடிக்குமென்றால் நாதசுரத்துக்கு என்ன தயக்கம்?

புதுக்கோட்டையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாதசுரமும் தவிலும் அங்கே மூன்றாண்டுப் பாடம். படிக்கிற பிள்ளைகள் நான்கு சுவருக்குள் சாதகம் செய்கிறார்கள், தேர்வும் அறைக்குள்தான். வெட்டவெளியில் மூச்சை எவ்வளவு பிடிக்கவேண்டும், எதிர்க்காற்றில் அணசை எந்தப் பக்கம் திருப்பவேண்டும், கூட்டம் கலையும்போது ராகத்தை எப்படிச் சுருக்காமல் காப்பது என்பதையெல்லாம் அறை கற்றுத்தராது. சித்திரை, வைகாசிச் சனிக்கிழமை மாலைகளில் குளத்தூர், கீரனூர், விராலிமலை, அன்னவாசல் என்று ஊருக்கு ஒரு திடலில் இந்தப் பிள்ளைகளை ஒரு மணிநேரம் வாசிக்க வைக்கலாம். ஊராட்சிக்கு ஆகும் செலவு போக்குவரத்தும் ஒரு நேரச் சாப்பாடும். கூடவே ஒரு மூத்த தவில்காரரை உட்காரவைத்து அவருக்கு உரிய சம்பாவனை கொடுக்கவேண்டும். இது முக்கியம், இலவசமாக அழைக்கக்கூடாது. ஆறரை மணிக்குத் தொடங்கலாம். அப்போது வெயில் இறங்கியிருக்கும். பாறை இன்னும் சூடாகத்தான் இருக்கும். முதல் அரைமணி கேட்பவர்கள் கிட்டே வந்து உட்காரவேண்டியிருக்கும். இருட்டிய பிறகு காற்று மாறும். அப்போது தள்ளிப் போய்க் கேட்கலாம். மல்லாரியில் தொடங்கி, ஒரு ராகத்தை நன்றாக விரித்து, தனி வாசித்து, கடைசியில் பிள்ளைகளுக்குப் பிடித்த நாட்டுப்புற மெட்டு ஒன்றோடு நிறுத்தினால் ஒரு மணிநேரம் சரியாக இருக்கும்.